அஞ்சலையிடம் யாரும் சொல்லாதது

மார்ச் 6, 1974. புதன்.

காலையிலேயே வெயில். காற்றில் உப்புக் கரிப்பு. இரண்டு ஜாக்கெட் வெட்டியாயிற்று, கை இன்னும் வைக்கவில்லை. கறுப்பு நூல் வாங்கணும்.

பக்கத்து வீட்டு அஞ்சலையோடு ஆஸ்பத்திரி. அவளுக்கு ஏழாம் மாதம், கால் வீக்கம். என்னைப் போல அவளுக்கும் காது கேட்காது. நான் கன்னியர் பள்ளியில் எழுத்தும் உதடு பார்க்கவும் படித்தவள். அவள் சின்னதிலிருந்து உப்பளம். எங்களுக்குள் கைதான் பேச்சு.

கூட அவள் மாமியார். வாசலில் நர்ஸம்மா என்னை மறித்தார். உதடு தெளிவாகவே தெரிந்தது. "ஊமைக்கு ஊமை துணையா? நீ வெளிய குந்து."

மாமியாரும் அவளும் மட்டும் உள்ளே. நான் மல்லுக்கட்டியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்து மாமியார் அவளுக்குக் கையால் சொன்னது ஒன்றுதான். விரல்களைத் தேய்த்து, உப்பு. கையை ஆட்டி, வேண்டாம். அஞ்சலைக்கு ஒரே சிரிப்பு. உப்பளத்துக்குப் போக வேண்டாமாம்! எனக்கும் அப்படித்தான் பட்டது.

மார்ச் 21. வியாழன்.

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

அஞ்சலை கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். தலையில் துணிக்கட்டு. தலைவலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று காட்டினாள். புழுக்கம்தான், போய்ப் படு என்றேன்.

மார்ச் 23. சனி.

நேற்று அஞ்சலைக்கு வலிப்பு. உப்பு லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரி. அவள் பிழைத்தாள். குழந்தை இல்லை. அவள் கண் திறப்பதற்குள் அடக்கமும் முடிந்தது.

அன்றைக்கு டாக்டர் என்னதான் சொன்னார் என்று மாமியாரைக் கேட்டேன், என் குளறல் பேச்சில். அழுதுகொண்டே, எனக்காக மெதுவாக:

"சோத்துல உப்பு கொறைக்கச் சொன்னாரும்மா. தலை வலிச்சா, கண்ணு மங்குனா ஒடனே இட்டாரச் சொன்னாரு. அத எந்தக் கையால நான் அவளுக்குச் சொல்லுவேன்? உங்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."



ஏப்ரல் 17. புதன்.

ஈஸ்டர் தையல் தீர்ந்தது. முதுகு வலி.

அஞ்சலைக்கு மறுபடி ஆஸ்பத்திரி. அதே நர்ஸம்மா, அதே கை மறிப்பு. நான் நகரவில்லை.

"நான் இல்லாம அவ உள்ள வர மாட்டா."

குளறித்தான் வந்திருக்கும், சத்தமாகவும். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புதிதாக வந்த லேடி டாக்டர் எழுந்து வந்தார்.

"விடுங்க சிஸ்டர். ரெண்டு பேரும் வரட்டும்."

நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "மெதுவா பேசறேன். புரியுதா?"

பிரஷர். மாத்திரை. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி. எல்லாம் என் கை வழியே. அஞ்சலை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இவ்வளவுதான். அன்றைக்கே நடந்திருக்கலாம்.

கடைசியில் டாக்டர், "அவங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

 அஞ்சலை தன் வயிற்றைத் தொட்டுக் கேட்டாள். ஆணா, பெண்ணா?

யாருமே அவளிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டினார். "பொண்ணு."

மூக்குத்தி இடத்தைத் தொட்டு, பெண் என்று காட்டினேன். அஞ்சலையும் தன் மூக்கைத் தொட்டாள். கையை எடுக்கவே இல்லை.