சாவி போடாமல் ஓடிய ஃபேன்

என் அருமை மாப்ள மாதையனுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. உன் அக்கா கனகா காக்காவுக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் உன்னோடு பேசுகிறாள். உன் மனைவி செல்வி நம் காரோடு பேசுகிறாள். நான் மட்டும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. தனியாக எழுதி மடித்து வைத்தால் நானே கிழித்துப் போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காரின் சேதி. நம் புளி குடோனை ஒட்டின தகரக் கொட்டகையில் நிற்குமே, அதே வெள்ளைக் கார். இருபது வருசத்துக்கு மேல் ஓடிய வண்டி. தொப்பூர் கணவாயில் உன்னை லாரி அடித்த அன்று அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைக் கொடுத்தார்கள், உன் கையில் இருந்த மஞ்சள் கேனையும் கொடுத்தார்கள். கேன் காலி. அதுகூட நசுங்கவில்லை மாப்ள.

உன் காரியம் முடிந்து வந்த முதல் அமாவாசை. உச்சி வெயில். கனகா காரைக் கழுவி முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டு, இலையில் சோறு வைத்துக் காக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீ இருந்தவரை எலுமிச்சை கட்டவெல்லாம் நான் விட்டதில்லை. நீ போனபின் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது கொட்டகைக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். வாயை மூடிக்கொண்டு யாரோ அழுவது போல.

போய்ப் பார்த்தேன். கார் பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில். வண்டியை ஓட்டி மூன்று நாள் ஆகியிருந்தது, என்ஜின் ஆறிக் கிடந்தது. ரேடியேட்டர் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாலு நிமிசம். பிறகு போதும் என்று யாரோ சொன்ன மாதிரி நின்றுவிட்டது. குடோன் நாய் கொட்டகை வாசலில் நின்று உறுமியதே தவிர, உள்ளே வரவில்லை.

“மாதையன் வந்துட்டான்,” என்றாள் உன் அக்கா.

“ஒயரு ஏதாச்சும் லூசா இருக்கும் புள்ள.”

“ஆமா, உங்க ஒயருக்கு அமாவாசை தெரியுமாக்கும்!”

அடுத்த அமாவாசையும் ஓடியது. சேதி செல்விக்குப் போய்விட்டது. அதற்கடுத்த அமாவாசையிலிருந்து அவளும் வத்தல்மலை அடிவாரத்து உங்கள் வீட்டில் இருந்து பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். காருக்கு எதிரே புளி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். மகள் பத்தாவதில் எடுத்த மார்க், போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கினது, உன் அம்மாவின் முட்டி வலி, எல்லாம் சொல்வாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் ஓடும். “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டுவாள். அது நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். பட்டப்பகலில் எனக்குக் கை மயிர் எழுந்து நிற்கும்.

ஒரு அமாவாசைக்கு, யாருக்கும் தெரியாமல் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டேன். ஃபேன் ஓடவில்லை. செல்வி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். “என்ன கோவமோ தெரியலையேண்ணா. நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?” என்று என்னைக் கேட்டாள். மறுநாளே ஒயரை மாட்டிவிட்டேன்.

பேட்டரி இல்லாவிட்டால் வராத பேய் என்ன பேய் என்று அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. பிறகும் ஏன் எலக்ட்ரீசியனைக் கூப்பிடவில்லை? பானெட்டைத் திறந்தால் நான் செய்து வைத்தது வெளியே வரும். அதுதான்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ சாவதற்கு ஒரு மாதம் முன்பு, புளி வரத்து உச்சத்தில் இருந்தபோது, ரேடியேட்டரில் சூடு பார்த்து ஃபேனைப் போடுகிற சுவிட்ச் கெட்டுப்போனது. கார் எலக்ட்ரீசியன் ஆரோக்கியம், புதுசு வர இரண்டு நாள் ஆகும் என்றார். எனக்கு இரண்டு நாள் வண்டியை நிறுத்தப் பொறுமையில்லை. “டைரக்டா விட்டுடுங்க” என்றேன். அவர் கெட்ட சுவிட்சுக்குப் போகிற ஒயரை வெட்டி டேப் சுற்றித் தொங்கவிட்டு, ஸ்டீரிங்குக்குக் கீழே கையால் போடுகிற சுவிட்ச் ஒன்றை வைத்தார். மேடு ஏறும்போது போட வேண்டும், இறங்கினால் அணைக்க வேண்டும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். நீ டெம்போ ஓட்டுகிறவன், உனக்குத் தெரியாது. அன்று டெம்போவில் லோடு இருந்ததால் சாம்பிள் மூட்டையோடு உன்னைக் காரில் சேலத்துக்கு அனுப்பினேன். சுவிட்சைப் பற்றிச் சொல்ல எனக்கு நினைவிலேயே இல்லை.

திரும்பும்போது கணவாய் ஏற்றத்திலிருந்து போன் செய்தாய். “மாமா, சூட்டு முள்ளு மேல போயி ஒட்டிக்கிச்சுங்க. ஃபேனு சுத்தல.”

என் எதிரே பெங்களூர் பார்ட்டி மூட்டைக்குள் கையை விட்டுப் புளியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் படியும் நேரம். “ஓரங்கட்டித் தண்ணி ஊத்து. ஆறினதும் மெதுவா வா,” என்றேன்.

“சரிங்க மாமா.”

அவ்வளவுதான் நாம் பேசினது. எதிர்ப்பக்கத்து ஓட்டலில் தண்ணீர் பிடிக்கக் கேனோடு ரோட்டைத் தாண்டினாய். இறக்கத்தில் வந்த லாரிக்கு உன்னைத் தெரியவில்லை. ஸ்டீரிங்குக்குக் கீழ சுவிட்ச் இருக்கு, போடு. ஐந்து வார்த்தை மாப்ள. மறந்தேனா? இல்லை, நினைவுக்கு வந்தும் பேரம் கலைந்துவிடும் என்று பேச்சைச் சுருக்கினேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

போன மாதம் செல்வி கேட்டாள்: “வருச நாளுக்கு அந்த எடத்துல ஒரு வெளக்கு வெக்கணும்ணா. பஸ்ஸுல வேணாம். அவரு வந்த காருலயே கூட்டிக்கிட்டுப் போங்க.”

அதே கார், அதே ஏற்றம், உள்ளே உன் மனைவி. அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஆரோக்கியத்தை வரச் சொல்லி, ஃபேன் தானாக ஓடுவதைச் சொன்னேன். அமாவாசைக்கு மறுநாள் அது.

மனுசன் முதலில் பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலேயைப் பிடுங்கி ஹாரன் ரிலேயை மாட்டிப் பார்த்தார், அதிலும் குற்றமில்லை. ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த சுவிட்சைக் கழற்றினார். “இதுவும் இல்லைன்னா பாக்கி ஒரே ஒயருதாங்க,” என்று ரிலேயிலிருந்து அதை விரலாலேயே பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். கிரில்லுக்குப் பின்னால் குனிந்தார்.

“ஏனுங்க, இந்த ஒயரு எலுமிச்சம்பழத்துக்கில்ல போகுது?”

எட்டிப் பார்த்தேன். அன்று வெட்டிவிட்ட பழைய ஒயர்தான். வெக்கையில் டேப் பிரிந்து செம்பு வெளியே தெரிந்தது. அதற்கு அரை விரல் தள்ளி, கனகா எலுமிச்சையைக் கோத்துக் கட்டிய இரும்புக் கம்பியின் வால். ஆரோக்கியம் பழத்தை லேசாக ஆட்டினார், கம்பி போய்ச் செம்பைத் தொட்டது. ‘ம்ம்ம்.’ சாவி இல்லாமல் ஃபேன் சுற்றியது. அதன் அதிர்வில் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. நின்றுவிட்டது. மறு அமாவாசைக்குப் புதுப் பழம், புதுக் கம்பி.

“கம்பிய வண்டி பாடியில கட்டியிருக்காங்க, அதான் எர்த்து. பேயா இருந்தாலும் எர்த் கெடைக்காம ஃபேனு சுத்தாதுங்க,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அன்னிக்கு அந்தத் தம்பிக்கு இந்த சுவிட்சு தெரியுமுங்களா?”

அவர் கழற்றி வைத்த பழைய சுவிட்சை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஒயரைச் சேர்த்து, ரேடியேட்டரில் புது சுவிட்ச் மாட்டி, வண்டியைச் சூடாக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

வருச நாளன்று செல்வியைக் கூட்டிப் போனேன். நீ விழுந்த இடத்தில் விளக்கு வைத்தாள். லாரிக் காற்றில் மூன்று தடவை அணைந்தது, மூன்று தடவையும் ஏற்றினாள். கீழே போய்த் திரும்பி ஏற ஆரம்பித்தோம். முள் மெதுவாக மேலே வந்தது. என் கண் ரோட்டில் இல்லை, முள்ளில்தான் இருந்தது. நீ வண்டியை நிறுத்திய வளைவு வந்தது. சரியாக அங்கே, ‘ம்ம்ம்’ என்றது.

செல்வி சீட்டில் நிமிர்ந்தாள். “அவருதாண்ணா. அவருதான்.”

அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. வியாபாரத்தில் இதைவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்தவன்தானே நான். ஆனால் உன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னால் முடியவில்லை.

“இல்லம்மா. அது நான் மாட்டுன புது சுவிட்சு,” என்றேன். பிறகு எலுமிச்சைக் கம்பியைச் சொன்னேன், டைரக்ட் சுவிட்சைச் சொன்னேன், போனில் பேசினதைச் சொன்னேன். பேசாமல் விட்ட ஐந்து வார்த்தையையும் சொன்னேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தருமபுரி தாண்டியும் என் பக்கம் திரும்பவில்லை. உங்கள் வூட்டு வாசலில் வண்டியை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஃபேன் நிற்கவில்லை. சூடு இறங்கும்வரை சாவி இல்லாமலும் ஓடும், இந்த வண்டிக்கு அதுதான் முறை என்று ஆரோக்கியம் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்தும் எனக்கு நகரத் தோன்றவில்லை. அவளும் நகரவில்லை. இரண்டு பேரும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் நின்றோம்.

“கடைசியா என்ன சொன்னாருங்க?” என்றாள்.

“‘சரிங்க மாமா’ன்னான்.”

ஃபேன் நின்றது.

“இதை எங்க அத்தைகிட்டயும் நீங்களே வந்து சொல்லிடுங்க. என்னால முடியாது,” என்றாள். படியேறினவள் திரும்பாமலே சொன்னாள்: “வண்டிய வித்துராதீங்க.”

இன்று அமாவாசை. பேட்டரி மாட்டித்தான் இருக்கிறது. கனகா நூலில் கோத்து எலுமிச்சை கட்டினாள், சோறு வைத்தாள். செல்வி வரவில்லை. கொட்டகையில் நான் மட்டும் அவள் உட்காரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். உச்சிப்பொழுது வந்தது, போனது. ஒரு சத்தமும் இல்லை. ஒரு வருசமாக அது ஓடும்போது பயந்தேன் மாப்ள. இன்று ஓடாமல் இருந்ததற்குப் பயந்துவிட்டேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாயா? இல்லை, இத்தனை நாளும் ஒரு கம்பிக்கு முன்னாலா நாங்கள் எல்லாரும் கைகட்டி நின்றோம்?

நாளைக் காலையில் உன் அம்மாவிடம் போகிறேன். என்னைத் தன் மூத்த மகன் என்று ஊரெல்லாம் சொல்கிற அந்த மனுசியிடம், அந்த ஐந்து வார்த்தையை என் வாயாலேயே சொல்வேன். வாசலை விட்டு இறங்கு என்றால் இறங்குவேன். வண்டியை விற்க மாட்டேன். கணவாய் ஏறும்போதெல்லாம் உன் வளைவில் முள்ளைப் பார்ப்பேன், காதைத் திறந்து வைத்திருப்பேன். இனி யார் போன் செய்தாலும், எதிரே எந்தப் பார்ட்டி உட்கார்ந்திருந்தாலும், முழுசாகக் கேட்டு முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பேன்.

உன் “சரிங்க” இன்னும் காதில் இருக்கிற
உன் அக்கா புருசன்,
உன் மாமன்