ஜெனோவாவின் நான்கு படங்கள்

ஜூலை 13, ஞாயிறு

விடியக்காலம் சாரல். எட்டு மணிக்கு விட்டது. போட்டோ கிளப் முகாம், இராஜாக்கமங்கலம் பக்கம், கடற்கரை ஊர். சர்ச்சுக்குப் போகவில்லை, போதகர் கேட்பார்.

கொண்டு போனது: கேமரா, இரண்டு லென்ஸ், பின்னால் கட்ட சாம்பல் நிறத் துணி, பிளாஸ்டிக் ஸ்டூல், சீப்பு, பவுடர் டப்பா, பிளாஸ்கில் சாயா.

நாங்கள் மூன்று பேர். கிளப் தலைவர் ஜெபராஜ் சார், கோட்டாறில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் நாசர், நான். மற்றவர்களெல்லாம் சிதறாலுக்கு மலையைப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். மனுஷ முகம் யாருக்கு வேண்டும்.

யோசனை என்னுடையது. அந்த ஊரில் வயசானவர்களுக்கு ஆளுக்கு ஒரு நல்ல படம், காசு வாங்காமல். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு ஆலய ஹாலில் கண்காட்சி, முடிந்ததும் படம் அவரவர் வீட்டுக்கு. ஏன் இந்த யோசனை என்று சார் கேட்டதற்கு ஏதோ சொன்னேன். இங்கே எழுதலாம். போன வருஷம் இவர் இறந்தபோது அஞ்சலி போஸ்டருக்குக் கொடுக்க ஒரு படம் இல்லை. பதினைந்து வருஷமாக ஊரையெல்லாம் எடுக்கிறேன், கட்டினவரை எடுக்கவில்லை. கடைசியில் யாரோ கல்யாணப் பந்தியிலிருந்து வெட்டி எடுத்தது. வாயில் சோற்றோடு, ஒரு கன்னம் உப்பி. அந்த முகம்தான் வடசேரி முழுக்க ஒட்டியிருந்தது.

இன்று 31 பேர். எல்லாரையும் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தது ஜெனோவா. அங்கே மகளிர் குழுத் தலைவி, 46 வயது, வாய் ஓயாது. தலை சீவி விடுகிறாள், சட்டைப் பொத்தான் போடுகிறாள், "ஓய் பாட்டா, சிரியும், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்திருக்காவ" என்கிறாள். அவள் இல்லாவிட்டால் ஐந்து பேர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் அவளையும் உட்கார வைத்தேன். நான்கு படம். நாலாவது அபாரம். சீப்பு கொண்டையிலேயே செருகியிருக்கிறது, மறந்துவிட்டாள். கேமராவின் ஸ்கிரீனில் காட்டினேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கல்யாண ஆல்பம் சுனாமியில போச்சுக்கா. அதுக்குப் பொறவு எனக்குன்னு ஒண்ணு இல்ல. இது நல்லாருக்கு. இதத்தான் எனக்க சாவுக்குப் போடணும்."

சிரித்தோம்.

ஜூலை 16, புதன்

பள்ளிக்கூட ஆபீசில் அட்மிஷன் வேலை. சாயங்காலம் படங்களைச் சரி செய்தேன். பாதிப் படத்தில் ஓரத்தில் ஜெனோவாவின் கை. காலர் சரி செய்கிறது, வேர்வை துடைக்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

இடுப்பு வலி. தைலம் வாங்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

நாசர் போன். "அக்கா, அந்த யேசுதாசன் பாட்டா இறந்துட்டாரு. நீங்க எடுத்த படத்தத்தான் பிளக்ஸுக்குக் கேக்காவ. அனுப்புங்க."

அனுப்பினேன். 84 வயது. மனசுக்குள் ஒரு திருப்தி, ஒளிக்காமல் எழுதுகிறேன். நல்ல படத்தோடு போகிறார். இதற்குத்தானே எடுத்தோம்.

ஜூலை 29, செவ்வாய்

இன்னொருவர். லூர்தம்மாள், தூக்கத்திலேயே. மறுபடி நாசர், மறுபடி படம்.

ஆபீஸ் விட்டு வரும்போது இராஜாக்கமங்கலம் ரோட்டில் பஸ் நின்றது, ஜன்னலுக்கு நேரே அவளுடைய பிளக்ஸ். நாலடி முகம், மழையில் நனைந்து. நாசர் நன்றாகத்தான் அடித்திருக்கிறான். கண் அவ்வளவு தெளிவு. அந்தக் கருவிழிக்குள் ஏதோ கறுப்பாக ஒரு உருவம். உற்றுப் பார்த்தேன். கேமராவோடு நிற்கும் நான்.

பஸ் எடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு படமாகக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 31 பேருக்குள்ளும் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூன்றாவது சாவு, வெள்ளிக்கிழமை. மேரி பாக்கியம். சீக்கு ஒன்றும் கிடையாது, அன்றைக்குக் காலையில்கூட நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாளாம்.

இன்று கண்காட்சி விஷயமாக ஊருக்குப் போனேன். தெருவில் நுழைந்ததும் ஒரு பெண் வாசலில் இருந்த தகப்பனைக் கையைப் பிடித்து எழுப்பினாள். "உள்ள வாரும். படக்காரி வந்திருக்கா." கதவு சாத்தும் சத்தம். பிறகு அடுத்த வீட்டுக் கதவு.

ஜெனோவாதான் நடுத்தெருவில் நின்று கத்தினாள். "ஏட்டி, எம்பது வயசுல ஆளு சாவாம பின்ன குமரியாட்டு ஓடுமா? படம் எடுத்தா சாவாங்கன்னா மொதல்ல நானாக்கும் செத்திருக்கணும். என்னயத்தான் நாலு படம் எடுத்தாவ!"

பேசாதே என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் சிரிக்கிறாள்.

போகும்போது கேட்டாள்: "எனக்கத பெருசா போட்டுத் தருவியளா? ஹால்ல எல்லாருக்கும் நடுவுல வைக்கணும்." தருவேன் என்றேன்.

ஜெபராஜ் சாரிடம் சொன்னேன். "எல்லாரும் எழுபத்தஞ்சுக்கு மேல உள்ளவங்க ஷீலா. மழைக்காலம். மூணு பேர் போறதுல என்ன அதிசயம்?" சரிதான். அவர் சொல்வதில் தப்பே இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அழித்துவிட்டேன்.

காலை ஏழு மணி, பல்கூடத் தேய்க்கவில்லை. லேப்டாப்பிலிருந்து ஜெனோவாவின் நான்கையும். குப்பைத் தொட்டியிலிருந்தும். கார்டையும் பார்மட் செய்தேன். நான் படித்தவள், ஜெபிக்கிறவள், இதெல்லாம் அறியாமை என்று ஸ்டாப் ரூமில் நூறு தடவை பேசியவள். அவளுக்கு மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அது மட்டும்தான் மனசில் ஓடியது.

பிறகு எடுத்துக்கொள்ளலாம், இந்த மழை முடியட்டும்.

அழித்தபின் இட்லி மூன்று சாப்பிட்டேன். நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

பள்ளி டீச்சர் ஒருத்தர் வீட்டு ஞானஸ்நானம். அதே கார்டில் 400 படம். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

ஜெனோவா.

காலையில் மீன் வாங்கப் போன இடத்தில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாளாம். தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. நாகர்கோவில் வந்து சேருமுன் முடிந்தது.

நாசர்தான் சொன்னான். பிறகு மெதுவாக, "அக்கா, படம் வேணும்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அடக்கம். வெயில், ஒரு பொட்டு மழை இல்லை. ஊர் முழுக்க நின்றது. என்னைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தது ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. முகம் சதுரம் சதுரமாக. யாரென்றே தெரியவில்லை.

ஸ்டீபன், அவள் கணவர். மீன்பிடி போட்டுகளுக்கு இஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். கல்லறைத் தோட்டத்து மதில் பக்கம் வந்து நின்றார்.

"அக்கா, அவளுக்க போன் முழுக்கப் பாத்தேன். பிள்ளைக்க படமும் மாதா படமுமாக்கும். அவ இல்ல. நீங்க எடுத்தது இருக்குல்லா?"

கார்டு கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"அழிச்சிட்டேன் ஸ்டீபன்."

"எதுக்கு?"

"எல்லாரும் சொன்னாங்க. எனக்குப் பயமாயிட்டு. அவளுக்கு ஒண்ணும் வரக் கூடாதுன்னு."

அவர் என்னைத் திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தா. எனக்கொரு படம் இருக்குன்னு."

மகள் வந்து அவரைக் கூட்டிப் போனாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லீவு. நாசர் கடையில் காலை முதல் மூன்று மணிவரை. அழிந்ததை மீட்கிற சாப்ட்வேர் இரண்டு போட்டுப் பார்த்தான். கார்டிலிருந்து வந்ததெல்லாம் ஞானஸ்நானப் பிள்ளை, லேப்டாப்பில் அதுவும் இல்லை.

"சவம் போட்டும், விடுங்கக்கா, அதுக்கு மேல வேற படம் எழுதியாச்சு. இனி வராது."

விட முடியவில்லை. அவள் முகத்தை நினைக்கப் பார்க்கிறேன். கொண்டையில் சீப்பு வருகிறது. முகம் வரும் இடத்தில் சாம்பல் துணி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மத்தியானம் ஆபீசில் பீஸ் ரசீது போடும்போது சட்டென்று: வெட்டினது பிரிண்டுக்கான காப்பியில்தானே. ஒரிஜினல்கள் லேப்டாப்பில் வெட்டாமல் இருக்குமே.

அரை நாள் லீவு சொல்லி வந்து திறந்தேன். 212 படம். ஒவ்வொன்றாக.

அவள் வலது கை, கண்ணாடி வளையலோடு, எட்டு படத்தில்.
முதுகு, இரண்டு.
துணியைப் பிடித்திருக்கும் விரல்கள், பதினாலு.
தரையில் நிழல், எண்ணவில்லை.

சாயா போட்டு ஆறிப்போய்க் கிடந்தது. ஐந்தரை மணிக்கு, வேண்டாம் என்று ஒதுக்கி வைத்ததில் ஒன்று. சூசை பாட்டாவுக்குப் பொத்தான் போடக் குனிகிறாள், நான் தெரியாமல் அமுக்கியிருக்கிறேன். பக்கவாட்டு முகம். வாய் திறந்து சிரிக்கிறாள், கொஞ்சம் அசைந்திருக்கிறது. கண் சரியாகத் தெரியவில்லை. கேமராவைப் பார்க்கவே இல்லை.

ஆனால் அவள்தான். அவள் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது.

லேப்டாப்பின் மேல் தலையை வைத்து அழுதேன். இவர் போனபோதுகூட இப்படி அழவில்லை. இவருக்கும் சேர்த்தோ என்னவோ.

ஆகஸ்ட் 13, புதன்

கிளப் கூட்டம். ஜெபராஜ் சார்: கண்காட்சி வேண்டாம், ஊர்க்காரர்கள் மனசு சரியில்லை. எல்லாரும் சரி என்றார்கள். நானும் கை தூக்கினேன்.

அங்கிருந்து நேரே ஸ்டீபன் வீடு, படத்தைக் கொடுக்க. வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலால் படத்தில் அவள் கன்னத்தைத் தொட்டார், துடைப்பது போல. மகள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா யாரையோ ஏசப் போறா" என்றாள். இருவரும் சிரித்தார்கள், உடனே இருவரும் நிறுத்தினார்கள்.

கண்காட்சி இல்லை என்று சொன்னேன்.

"அதெப்படி? அவ கூட்டிட்டு வந்த ஆளுவ. வைங்க. நான் ஃபாதர்ட்ட சொல்லிக்கிடுதேன்."

ஆகஸ்ட் 15, வெள்ளி

வைத்தோம். பூசை முடிந்து கொஞ்ச நேரம் ஹாலுக்குள் யாரும் வரவில்லை. ஸ்டீபன் வந்தார், மகளோடு. பிறகு மெல்ல மெல்ல.

இறந்துபோன மூவருக்கும் வீட்டார் மாலை கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் ஜெனோவா, அசைந்த படம், சூசை பாட்டாவின் கழுத்தோடு. அதன் முன்னால் சூசை பாட்டாவே வந்து நின்றார். "எனக்க தலைய வெட்டிப்போட்டியளா?" என்றார் என்னிடம். உங்கள் படம் அந்தப் பக்கம் இருக்கிறது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்கு மாலை எப்ப?" என்று உரக்கக் கேட்டார். ஹாலே சிரித்தது. நான் கேமராவைப் பைக்குள் போட்டேன்.

எல்லாரும் போனபின் ஸ்டீபன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னய ஒண்ணு எடுங்க."

"இப்ப வேண்டாம் ஸ்டீபன்."

"பயமா?"

"ஆமா."

"எனக்கும் உண்டு. பிள்ளைக்கு வேணும்லா. எடுங்க."

மகள் போய் அப்பாவின் காலரைச் சரி செய்தாள். ஆறு படம் எடுத்தேன். இரண்டு அசைந்துவிட்டது, தேறாது. நாலு நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். தைலம் வாங்கியாச்சு.

சனிக்கிழமை காலை ஸ்டீபனுக்குப் போன் செய்தேன், மகள் படிப்பு விஷயம் கேட்பதுபோல. நேற்று, பிரிண்ட் அளவு கேட்பதுபோல.

இன்று ஆறே காலுக்கு அடித்தேன். முழுக்க மணி அடித்து நின்றது. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை. கேஸை அணைத்துவிட்டு அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

6.40. அவரே கூப்பிட்டார். பின்னால் இஞ்சின் சத்தம், யாரோ யாரையோ ஏலே என்று அதட்டுகிறார்கள்.

"கையெல்லாம் கிரீஸ், எடுக்க முடியல. என்ன காரியம்க்கா?"

ஒன்றுமில்லை என்றேன்.