காற்றுத் தொட்டிக்குள் முட்டை

லாரிக்காரம்மா,

புத்தகத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை, அலாரம் வைத்துவிட்டு டாக்ஸியை எடுக்கிறேன். வேகவைத்த முட்டை 'காற்றுத் தொட்டி'க்குள் இருக்கிறது, அதாவது நீ சீட்டு ஒட்டிய குக்கருக்குள். 'கண்ணாடியில் தெரியாத இடம்' என்று ஒட்டியிருக்கிறாயே, அந்த பிரிட்ஜுக்குள் பால். சமையலறையையே லாரியாக்கிப் படித்தவளுக்கு இன்றைய லாரி லைசென்ஸ் எழுத்துத் தேர்வு எம்மாத்திரம்.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ள உன் தங்கை வருவாள். வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போ, போன தடவை மாதிரி கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடாதே.

நேற்றுச் சாப்பிடும்போது போட்ட சண்டை. "தொட்டியில காத்து போச்சுன்னா லாரியில பிரேக்கே பிடிக்காது, இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறவன் சொல்றேன்" என்று நான் குதித்தேன். "அது உங்க கார் இல்லீங்க. லாரியில காத்து இறங்கினா ஸ்பிரிங் தானாவே பிரேக்கைப் பிடிச்சு வண்டியை நிறுத்திடும்" என்று நீ நிதானமாகச் சொன்னாய். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

இப்போதுதான் உன் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தேன். நீ சொன்னதுதான் சரி.

குக்கரைக் கழுவாதே, சீட்டு நனைந்துவிடும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடமிருக்கிறது: தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் என்னை நினைத்துக்கொள். எனக்கும் காற்று இறங்கிவிட்டது. தானாகவே நின்றுவிட்டேன்.