வெறுமையாகத் திரும்பாத டின்

மச்சானுக்கு,

புருஷனுக்கு ஸலாம் சொல்வது கடமை. சொல்லிவிட்டேன்.

நரைத்த பிறகு உங்களுக்கு உடம்பைக் கட்டும் ஆசை வந்தது. சீனி கூடாது, கோதுமை மா கூடாது என்றீர்கள். நானும் ஓட்ஸ், கச்சான் கடலை, முட்டை வெள்ளை, கொழும்பிலிருந்து நீங்கள் எடுப்பித்த புரோட்டீன் பவுடர் எல்லாவற்றையும் குழைத்துக் குக்கீஸ் சுட்டுத் தந்தேன். மாட்டுக்குப் போடும் புண்ணாக்கு அதைவிட மணக்கும். ஆனாலும், "ஜிம் பொடியனுகள் கேக்கானுகள் புள்ள, இன்னொரு டின் போடு" என்றீர்கள். போட்டேன்.

கொண்டுபோன டின்கள் எங்கே என்று நான் கேட்டதால், நேற்று ஒன்றைக் கொண்டுவந்து குசினியில் அடுப்பருகே வைத்தீர்கள். நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கல்முனையில் எந்தப் பெண்ணும் பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டாள். வாழ்நாளில் ஒரு கோப்பை கழுவியிருந்தால் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

உள்ளே தொதல் இருந்தது. தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் முந்திரியும் போட்டு, எண்ணெய் பிரியக் கிண்டிய தொதல்.

"அது பொடியனுகள் தந்தது" என்றீர்கள். பளு தூக்கிய கைகளுக்குத் தொதல் கிண்டுவது லேசுதான்.

நல்ல பதம். கிண்டியவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இது என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு. உங்கள் உடுப்புப் பை வாசல் கேற்றடியில் இருக்கிறது. பக்கத்தில் அந்த டின். கழுவித்தான் வைத்திருக்கிறேன். நானும் இந்த ஊர்க்காரி என்பதால் வெறுமையாக அனுப்பவில்லை. மிச்சமிருந்த புரோட்டீன் பவுடரைக் கொட்டி மூடியிருக்கிறேன்.

இனி குக்கீஸையும் அங்கேயே சுடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீட்டின் சொந்தக்காரி