நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு

டிரோம்சோ, நவம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

சுன்னிவா எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படகைக் கரையேற்றப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டீர்களா, இல்லை வழக்கம்போல வீம்பா?

இந்த வாரம் எனக்கு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் பயிற்சி. ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு. கையில் கடிகாரம் கட்டக் கூடாது. சட்டையில் குத்திய கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவோம். ஆர்னுல்ஃப் என்ற கிழவர், உங்களைப் போல மீன்பிடித்தவர், என்னோடு சேர்ந்து எண்ணுவார். "நாப்பத்தொண்ணுதான் வருது, பொண்ணே. பரீட்சையில கோட்டை விட்டுடுவ" என்று கேலி செய்வார்.

நேற்று மதியம் டாக்டர் சலைனை நிறுத்தச் சொல்லிவிட்டார். கிழவரின் இதயம் தளர்ந்துவிட்டது; ஏற்றும் நீரெல்லாம் நுரையீரலில் தேங்குகிறது. குழாயை நான்தான் மூடினேன்.

"சொட்டு நின்னுபோச்சு, பாக்கலையா?" என்றார்.

"போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"அப்ப நான் எதை எண்ணுறது?" என்று கிழவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். "உன்னுது ரொம்ப வேகமா ஓடுது. கொஞ்சம் குறைச்சு வை."

இன்று காலை அந்தக் கட்டில் காலி. கவலைப்படாதீர்கள், நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் கொஞ்சம் கருவாடும் அனுப்புங்கள். இன்னொன்று. ஞாயிறன்று போனில் காற்று எப்படி, கடல் எப்படி என்று சொல்லி முடித்ததும் வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் மூச்சுவிடுவதை நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் சுன்னிவா