ஏழு கல்லுக்கு அடித்த வெள்ளை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். இங்கே நலம் என்று எழுதப் போனால் பேனா நின்றுவிடுகிறது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், தைலம் தடவிக்கொள் என்றால் நாளைக்கு என்கிறாள், அந்த நாளை வருவதாகத் தெரியவில்லை. மாடிக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் இரண்டு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போனான். குடும்ப அட்டையிலிருந்து உன் தம்பி பெயரை எடுக்கச் சொல்லிக் காகிதம் வந்தது. நான் போகிறேன் என்றால் அம்மா விடவில்லை. மூன்று தடவை அவளே போய் வரிசையில் நின்றாள், முறை வருகிற நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறாள், கேட்டால் "கவுன்டர மூடிட்டாங்க" என்கிறாள். காலை பத்தரை மணிக்கு எந்தக் கவுன்டரை மூடுவார்கள், நானும் துருவிக் கேட்பதில்லை. நம் தெருவுக்கு அவன் பெயரை வைக்கப்போகிறார்களாம், அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தத் தெருவில் அவன் பைக் ஓட்டிய காலத்தில் அவனைத் திட்டாத வாய் ஒன்று உண்டா சொல். எதிர்வீட்டுத் தையல்காரர் ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்திச் சண்டை போட்டவர், இப்போது அவர்தான் பலகை எந்த மூலையில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவம், அவரும் அழுதார்.

போன மாதம் போனில் நீ ஒன்று கேட்டாய். உன் ஆபீசில் உனக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் அந்தப் பெண் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரி, நாலு வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டவர்கள், எல்லைச் சண்டையில் தம்பி போன பிறகு நீ அவளோடு பேசுவதில்லை, அவளும் உன் முகத்தைப் பார்ப்பதில்லை என்றாய். "நீங்க அங்கேயே வேலை பார்த்தவர்தானேப்பா, உண்மையில அந்த இடம் யாரோடது, எப்படி ஆரம்பிச்சது இதெல்லாம்" என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதமாக உன்னிடம், பத்தொன்பது வருஷமாக எல்லாரிடமும் மென்று முழுங்கியதை இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி, வழியில் நின்று படிக்காதே.

பேப்பரில் எழுதுகிறவர்கள் இதை ஆயிரம் வருஷத்துப் பகை என்கிறார்கள், அதெல்லாம் சும்மா. எழுபது வருஷத்துக்கு முன் இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் ஒரு ஹாலில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள், மலை முகட்டில் விழும் மழை இந்தப் பக்கம் ஓடினால் நிலம் நமது, அந்தப் பக்கம் ஓடினால் அவர்களது என்று. படிக்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லையில் நாற்பத்தொன்றாம் கல்லிலிருந்து நாற்பத்தேழாம் கல் வரை முகடு என்று ஒன்று கிடையாதம்மா, ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு மேஜை போலத் தட்டையாகக் கிடக்கிறது. அங்கே விழுகிற மழை எந்தப் பக்கமும் ஓடுவதில்லை, தேங்கிச் சேறாகி அங்கேயே காய்ந்துபோகும். அந்தக் காலத்து சர்வேயர்கள், நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும், அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டு நடுவாக ஏழு கல்லை நட்டுவிட்டு வந்தார்கள். ஒப்பந்தத்தில் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மலையைக் கண்ணால் பார்க்காதவர்கள் படம் வரைந்தபோது நம் படத்தில் கோடு கல்லுக்கு அப்பால் போயிற்று, அவர்கள் படத்தில் கல்லுக்கு இப்பால் வந்தது. அப்படியும் ஐம்பது வருஷம் யாரும் சீந்தவில்லை, இரண்டு பக்கத்து ஆடும் மேய்ந்தது. பிறகு அடிவாரத்தில் நாம் ரோடு போட்டோம், மேலே நின்றால் அந்த ரோட்டில் போகும் ஒவ்வொரு வண்டியையும் எண்ணலாம் என்று அவர்களுக்குத் தெரிந்தது, அவர்கள் எண்ணுவார்கள் என்று நமக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்தச் சேற்றுத் தரை இரண்டு பேருக்கும் தாய்மண் ஆயிற்று. சர்வேயராக முப்பத்துநாலு வருஷம் சங்கிலி பிடித்து அளந்தவன் சொல்கிறேன், அது யாருடையது என்று எனக்குத் தெரியாது.

இதுவரை எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் இருக்கும். இனிமேல் எழுதுவது எதிலும் இல்லை. வருஷம் ஒரு தடவை மழை விட்டதும் இரண்டு பக்கத்து சர்வேயர்களும் நாற்பத்தொன்றாம் கல்லில் சந்திப்போம். ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளையடித்து, நம் பக்கத்து முகத்தில் நம் எண்ணை நான் கறுப்பில் எழுதுவேன், அவர்கள் பக்கத்து முகத்தில் அவர் சிவப்பில் எழுதுவார், கடைசியில் இரண்டு பதிவேட்டிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அவர் எப்போதும் குடையோடுதான் வருவார், நம் வீட்டில் அவருக்குக் குடைக்காரர் என்றுதான் பெயர், உனக்கு நினைவிருக்கும். அந்தக் காற்றில் குடை ஒரு நிமிஷம் நிற்காது, மடங்கி மடங்கி வற்றலாய்ப் போயிருக்கும், ஆனாலும் விடமாட்டார். ஒன்பது வருஷம் ஒரே பிளாஸ்கில் டீ குடித்தோம். பத்தாவது வருஷம், நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு, சின்னவனுக்கு ஆறு வயது, அவர் முகம் செத்துப்போய் வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வேலையை முடிக்காமல் போனால் மேலதிகாரி விடமாட்டார் என்று கையைப் பிசைந்தார். "நீங்க கெளம்புங்க, உங்க பக்கத்தையும் நானே எழுதிடறேன், கையெழுத்த அடுத்த மாசம் வந்து போடுங்க" என்று சொன்னவன் நான்தான். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். சிவப்பு பெயின்ட் டப்பா மலைக்குக் கீழே அவருடைய ஆட்களிடம் இருந்தது, அதற்காக இறங்கி ஏறச் சோம்பல், அதனால் இரண்டு முகத்திலும் கறுப்பிலேயே எழுதினேன். பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை வெறுமனே விட்டேன். அடுத்த மாதம் பாதை மண் சரிந்து மூடிக்கொண்டது, அதற்கடுத்த மாதம் அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். குழந்தை பிறந்ததா, தாய் பிழைத்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுவருஷம் அவர்கள் பக்கத்தில் புதிதாக வந்தவர் கல்லைப் பார்த்தார். "எங்கள் பக்கத்து முகத்தில் அவர்கள் மை, கல்லையே பிடித்துக்கொண்டார்கள்" என்று போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். நம் பக்கத்தில் ஒரு கெட்டிக்கார அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, முந்தின ஒன்பது வருஷத்துக் கையெழுத்தையும் தாண்டிப்போய் வெற்றுக் கட்டத்தைக் கண்டுபிடித்தார், பார், அவர்களே கைவிட்ட இடம், நாம்தான் பராமரிக்கிறோம் என்றார். என்னைக் கூப்பிட்டு "மறுபக்கத்தையும் யாருய்யா எழுதினது" என்று கேட்டார். அந்நிய நாட்டுக் குறியை அனுமதி இல்லாமல் தொட்டவனுக்கு வேலை போகும் என்று எனக்குத் தெரியும். "வழக்கமா நாங்கதான் சார் எழுதுவோம்" என்றேன். அந்த ஒரு வாய்ப் பொய்யை டைப் அடித்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே அவர்கள் ஒரு கூடாரம் போட்டார்கள், நாம் இரண்டு போட்டோம். கல்லை அதன் பிறகு யாரும் தொடவில்லை, சாட்சியமாம். நான் அப்படிச் சொல்லாவிட்டாலும் சண்டை வந்திருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சப்பைக்கட்டு கட்டிப் பார்த்துவிட்டேன், வந்தும் இருக்கலாம். ஆனால் வந்தது இதனால்தான்.

சின்னவன் எல்லைக் காவலில் சேருகிறேன் என்றபோது நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தது உனக்குத் தெரியும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவனை வேறு எங்கெங்கோ போட்டுவிட்டு மூன்றாம் வருஷம் அங்கேயே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாள் போன் பண்ணி, "அப்பா, உங்க நாலு இங்க நிக்குதுப்பா, வாலோட" என்று சிரித்தான். நான் நாலு போட்டால் மேலே மூடிக் கீழே வளைத்துவிடுவேன், அப்படியே எழுதித்தான் அவன் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியவன். பத்தொன்பது வருஷ மழையில் வெளுத்தும் அவன் அடையாளம் கண்டுவிட்டான். பிறகு, "ரெண்டு பக்கமும் உங்க எழுத்தாவே இருக்கே, ஏன்ப்பா" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். நான் லீவில் வா சொல்கிறேன் என்றேன். அவன் சரிப்பா என்றான். பதினோராம் நாள் அவர்கள் கூடாரத்தை இருபது அடி முன்னால் நகர்த்தினார்கள் என்று நம்மவர்கள் போய்க் கேட்க, வாய்ச்சண்டை முற்றித் துப்பாக்கியாகிவிட்டது. நம்மில் மூன்று பேர். அவர்களில் எத்தனை பேர் என்று அவர்கள் சொல்லவே இல்லை, அங்கேயும் வீடு வீடாகத்தான் தெரிந்திருக்கும். என் பிள்ளையை நான்தான் அங்கே நிறுத்தினேன் என்று நினைக்காமல் ஒரு நாளும் விடிவதில்லையம்மா.

இப்போது வழக்கு வெளிநாட்டு நடுவர்களிடம் போகிறது. போன வாரம் ஆபீசிலிருந்து ஒரு இளம் அதிகாரி ஒரு தாளோடு வந்தார், மரியாதையான பிள்ளை, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தம்பி படத்துக்கு முன் தலை குனிந்து நின்றார். ஆண்டாண்டாக ஏழு கல்லையும் நம் பக்கமே பராமரித்தது, எதிர்ப்பக்கத்தார் வந்ததே இல்லை என்று நான் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். "உங்க மகன் உயிர் குடுத்தது வீண் போகக் கூடாது சார்" என்றார். அவர் போன பிறகு அம்மா சொன்னாள், "போட்டுக் குடுத்துருங்க. எம்புள்ள அடுத்தவன் எடத்துல செத்தான்னு நாளைக்கி ஒருத்தன் சொல்லக் கூடாது." அவள் கேட்டதில் என்ன தப்பு, அவளுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். நான் இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இப்போது உனக்கு எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். கடைசித் துணியை வைத்துவிட்டு, "அவன் கேட்டானா" என்றாள். கேட்டான் என்றேன். "சொன்னீங்களா" என்றாள். இல்லை என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் தாளை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி நானே மூன்று பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்த இளம் அதிகாரி நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். கோபப்படவில்லை. "இது எங்களுக்கு உதவாது சார், வீட்டுக்குப் போங்க, இத நீங்க எழுதவே இல்லன்னு வச்சுக்குவோம்" என்று தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். என் கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், பழைய பதிவேடும் வெற்றுக் கட்டமும் அன்றைக்கு நான் சொன்னதும் கோப்பில் இருக்கின்றன, அதுவே போதுமாம். பொய்யை மட்டும் அன்றைக்கு நின்ற இடத்தில் வாங்கிக்கொண்டார்கள் பார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்கிக்கிட்டாங்களா" என்று கேட்டாள், அப்போதுதான் மறுபடி பேசினாள். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "ஒரு புள்ளைக்குச் சொல்லாம விட்டுட்டீங்க. மிச்சம் இருக்கிறவளுக்காவது எழுதிப் போடுங்க." அதனால்தான் எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், கேட்க எனக்கு முகமும் இல்லை. அந்தப் பெண்ணிடம் பேசு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இதைப் படித்துக் காட்டு, அவள் யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். அந்த மூன்று பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குட்டிப்பயல் ஏதாவது கேட்டால் அப்புறம் என்று சொல்லாதே, அப்போதே சொல்லிவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். கடிதம் வந்து சேர்ந்தது, எல்லாம் எழுதியிருக்கிறார் என்று அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா