தம்பியைத் தேடிய கிழமை

1996 ஒக்ரோபர் 14, திங்கள்

மழைக்குணம். குளிர். பின்வளவு முழுக்க மேப்பிள் இலை. இவர் கூட்டுகிறேன் கூட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கனடாவில் நன்றி நாள் லீவு. ஊரெல்லாம் வான்கோழி, எங்கள் வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். தம்பி ரூபனுக்கு வான்கோழி பிடிக்காது. பஞ்சைத் தின்கிற மாதிரி என்பான்.

இன்று அமெரிக்காவிலிருந்து வரவேண்டியவன். பக்கத்து நகர் மார்க்கத்தில் அவன் வேலை செய்யும் கொம்பனி கம்பியூட்டர் கண்காட்சி ஒன்றுக்கு லாஸ் வேகாஸ் அனுப்பியது. கூடப் போனவர்கள் வெள்ளியே திரும்பிவிட்டார்கள். எங்கள் துரை மட்டும் வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு ஏதோ பாலைவனப் பூங்கா பார்க்கப் போனார். புதுக் கனடாப் பாஸ்போட் கையில், கால் நிலத்தில் இல்லை. சனி இரவு போன்.

"அக்கா, நாளைக்கு ஒரு நடை நடந்திட்டு திங்கள் வந்திடுவன்."

"நடக்கிறதுக்கோ அவ்வளவு தூரம் போனனீ? எங்கட மல்வேர்னில நடக்க றோட்டில்லையோ?"

சிரித்தான்.

இவர் எயார்போட் போய் வெறுங்காருடன் வந்தார். விமானம் வந்தது, ஆள் இல்லை. தவறவிட்டிருப்பான் என்கிறார். இருக்கும். அவன் எதற்கும் ஒரு சொல்லில் அசைகிறவன் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருக்கிறான், படிக்கட்டில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தரம் சத்தமே இராது. இரண்டாம் தரம் கத்தினால்தான் தலை தெரியும். சின்னனிலிருந்தே அந்தக் குணம்.

கறி மூடி வைத்தாயிற்று. நாளை பின்னேர ஷிப்ற். வாங்க: பால், பனடோல், இலை அள்ளுகிற பை.


15, செவ்வாய்

வெயில். காற்று ஊசி மாதிரி.

காலையில் போன். தம்பி என்று ஓடி எடுத்தேன். ஒரு பெண், அந்தப் பூங்காவின் றேஞ்சர். அவன் எடுத்த கார் ஞாயிறிலிருந்து நடைபாதை தொடங்கும் இடத்தில் நிற்கிறதாம். ஆள் இல்லை. வாடகைக் கொம்பனி மூலம் அவன் ஒபிஸைப் பிடித்து, அங்கே இருந்து என் நம்பர்.

கேள்விகள். உயரம். உடுப்பு. சப்பாத்து. வருத்தம், நோய் ஏதும் உண்டா. பாலைவனத்தில் நடந்து பழக்கமா. என்னத்தைச் சொல்ல? பஸ்ஸுக்கு ஓடித்தான் பழக்கம்.

மிஸ்டர் சபாரத்தினம், மிஸ்டர் சபாரத்தினம் என்கிறாள். அது அப்பாவின் பேர். பாஸ்போட்டில் குடும்பப் பேர் என்று விழுந்திருக்கிறது. அப்பா போய் எட்டு வருடம். திருத்தப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். யாருடைய பேரிலாவது தேடினால் போதும்.

ஆறுதல் இரண்டு. போன கிழமை அங்கே மழை, பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கிறதாம். மற்றது, ஹெலிகொப்ரர் காலையிலேயே எழும்பிவிட்டது. மரமில்லாத வெளி, மேலிருந்து பார்த்தால் ஆள் தெரியாமல் போகாது என்றாள். கடவுளே, அந்த ஹெலிக்காரனுக்கு நல்ல கண்ணைக் கொடு.

வேலைக்குப் போகவில்லை. நான் பாண் சுடும் பக்டரியின் சுப்பவைசருக்குச் சொன்னேன். இவர் உடனே வெளிக்கிடுவோம் என்று நிற்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் கனடாப் பாஸ்போட் இல்லை, விசா இல்லாமல் எல்லையில் யார் விடுவான்?

அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவு. கொழும்பில் வாடகை அறையில் தனியே இருக்கிற மனிசி, பிரஷர் வேறு. மார்க்கம் அன்ரி (அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை) போன் எடுத்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அன்ரி, அம்மாவுக்கு மூச்சு விடக்கூடாது." "எனக்கு விசரே பிள்ளை?"

இரவு கறியைச் சூடாக்கி மூடி வைத்தேன். ஒருவரும் தொடவில்லை.


16, புதன்

மப்பு.

மார்க்கம் அன்ரி வந்தார். கூட இரண்டு பேர். சட்டி சட்டியாகச் சாப்பாடு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய். எல்லாம் மரக்கறி. செத்தவீட்டுக்குத்தான் இப்படிச் சமைத்து அனுப்புகிறது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. ஃபிறீசரிலிருந்து விளைமீனை எடுத்துத் தூள் பிரட்டி, அவர்கள் முன்னாலேயே பொரித்தேன். மணம் றோட்டு வரை போகட்டும். இது செத்தவீடு இல்லை.

போன் ஓயவில்லை. "கேள்விப்பட்டம் பிள்ளை..." எல்லாரும் ஒரே குரல். றேஞ்சர் எடுத்தால் லைன் கிடைக்க வேண்டாமோ? நாலாவது ஆளுக்குச் சொன்னேன்: "அவன் வந்த பிறகு எடுங்கோ, அவனே கதைப்பான்." கோபித்திருப்பார். கோபிக்கட்டும்.

மத்தியானம் றேஞ்சர். காலடி கண்டிருக்கிறார்கள். அவன் சப்பாத்துத்தான். ஒரு காலை இழுத்து நடந்திருக்கிறான். நேற்றைய அடி, ஆகவே நேற்று வரை உயிரோடு. நான் கும்பிட்டேன், போனில் அவளுக்கு எப்படித் தெரியும்.

பிறகு ஒரு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னாள். வழிதவறியவர்கள் ஹெலியைக் கண்டால் வெளிக்கு ஓடி வந்து கை காட்டுவார்களாம். இவன் அடிகள் வெளியை விட்டுப் பாறைக்குக் கீழே போகின்றன. மூன்று இடத்தில் அப்படி. உங்கள் தம்பிக்கு மனக்கஷ்டம் ஏதும் இருந்ததா? தன்னைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று நினைக்கக் கூடியவரா?

இல்லை என்றேன். வைத்துவிட்டு மீனைத் திருப்பினேன். கருகிவிட்டது.

அப்போதுதான். போன வருடம் செப்டெம்பர், ஏரிக்கரையில் விமானக் காட்சி. சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தோம். ஜெற் ஒன்று பதிந்து வந்தது. பார்த்தால் ரூபனைக் காணோம். மேசைக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு கையிலேயே. எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான், தட்டைப் பிடித்த கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஐயோ. அவன் ஹெலிக்கு ஒளிக்கிறான்.

இவரிடம் சொன்னேன். "உதை மட்டும் அவங்களுக்குச் சொல்லாதை. ஹெலியைக் கண்டு ஒளிக்கிறவன் எண்டால் அமெரிக்காக்காரன் என்ன நினைப்பான்? ஒண்டில் கள்ளன், இல்லாட்டி இயக்கத்தில துவக்குப் பிடிச்சவன். பிடிச்சு உள்ள போட்டிடுவாங்கள்."

"உள்ள போடட்டும். உயிரோட போடட்டும்."

அன்ரி போனை எடுத்து என் கையில் தந்தார்.

என் இங்கிலீஷ் பக்டரி இங்கிலீஷ். ஊரில் சண்டை, ஆமி ஹெலி வந்தால் சுடும் என்றேன். பின்வளவில் பங்கர் வெட்டி வைத்திருந்தோம், சத்தம் கேட்டால் அதற்குள் ஓடுவோம், தம்பிக்கு அப்போது பதினாறு வயது என்றேன். ஹெலியை நிறுத்துங்கள் என்றேன். அவள் கேட்டாள்: ஹெலியை நிறுத்தினால் மேலிருந்து பார்க்கும் கண் போய்விடும், நடந்துதான் தேட வேண்டும், அது மெல்ல நடக்கிற காரியம். உங்களுக்கு நிச்சயமா?

"ஓம்" என்றேன். பிறகு யேஸ்.

பிழை என்றால் நான்தான் அவனைக் கொன்றவள்.


17, வியாழன்

மழை. இலையெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஹெலியை நிறுத்திவிட்டார்கள். றேஞ்சர் காலையிலேயே எடுத்தாள். அவனைக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கிறார்களாம், பதில் இல்லை. உங்கள் குரல் வேண்டும், போனிலேயே ரேப் நாடாவில் பதிந்து ஒலிபெருக்கியில் போடுகிறோம் என்றாள். நல்ல பெண். குரலில் நித்திரை இல்லாத களை.

என்ன சொல்வது? அந்த நாட்களில் ஹெலி போனதும் பங்கருக்குள்ளிருந்து முதல் ஓடி வெளியே வருகிறவள் நான். அம்மாவும் அவனும் உள்ளே. நான் கிணற்றடியில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுக் கத்துவேன். அதையே கத்தினேன், குசினிப் போனுக்குள், ஃபிறிட்ஜ் உறுமிக்கொண்டிருக்க:

"பபா! ஹெலி போயிட்டுது! வெளியில வா!"

வீட்டில் அவனுக்கு அதுதான் பேர். ஆறடி ஆளை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரியாகப் பதிந்ததா என்று றேஞ்சர் எனக்கே போட்டுக் காட்டினாள். மீன் விற்கிறவள் கூவுகிற மாதிரி ஒரு குரல். இதற்கு அவன் வராவிட்டால் எதற்கும் வரான்.

பகல் முழுக்கப் பார்த்திருந்தேன். அலுமாரி அடுக்கினேன், திரும்ப அடுக்கினேன்.

பின்னேரம் போன். ஒவ்வொரு பள்ளத்தாக்கின் வாயிலும் ரேப்பைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்களாம். ஒன்றுமில்லை. காலையில் திரும்பவும் ஹெலியை எழுப்பத்தான் வேண்டும் என்று மேலிடம் சொல்கிறது என்றாள். சொல்லவே கஷ்டப்பட்டாள். நான் ஒரு முழுப் பகலை வீணாக்கிவிட்டேன். சிங்கிற்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேளாமல் அழுதேன்.

திரும்ப மணி அடித்தது. கொழும்பு. அம்மா.

மார்க்கம் அன்ரி! மூச்சு விடமாட்டேன் என்ற வாய்! எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறா, ரேப் வரைக்கும். அம்மா விழுந்து விடுவா என்று பயந்துகொண்டு நின்றேன். அழவில்லை. ஏசவும் இல்லை.

"எத்தினை தரம் கூப்பிட்டனீ?"

"என்னம்மா?"

"அவனை. எத்தினை தரம் கூப்பிட்டனீ எண்டு கேக்கிறன்."

"ரேப்தானே அம்மா. ஒரு இடத்தில ஒருக்கால் போட்டிட்டு அடுத்த இடத்துக்குப் போறாங்கள்."

"ஒருக்கால் கூப்பிட்டால் அவன் வரான்."

"தெரியும். அவன்ர பிடிவாதம்."

"பிடிவாதமோ? நானெல்லோடி பங்கருக்குள்ள அவன்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சு வச்சிருந்தனான்! நீ சொல்வழி கேக்கமாட்டாய், ஹெலி அங்கால போக முதல் வெளியில ஓடிடுவாய். அது ஒரு சுத்துச் சுத்திப்போட்டுத் திரும்பி வாறது. அவனையெண்டாலும் காப்பாத்துவம் எண்டு சொல்லி வச்சனான். அக்கா முதல் தரம் கூப்பிட்டால் அசையாதை. ரெண்டாந்தரமும் கூப்பிட்டால் அவள் உயிரோட நிக்கிறாள், ஹெலி திரும்பேல்லை எண்டு அர்த்தம். அப்ப போ எண்டு."

எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் தெரியாது. கிணற்றடியில் நின்று "செவிடோடா?" என்று அவனை ஏசினேனே. இந்த வீட்டுப் படிக்கட்டில் நின்று, போன கிழமையும் ஏசினேன்.

அம்மா: "நிண்டு யோசிக்காதை. வச்சிட்டு அந்த றேஞ்சருக்கு எடு."

எடுத்தேன். ஒரு இடத்தில் போட்டுவிட்டு நகராதீர்கள், அங்கேயே நில்லுங்கள், திரும்ப ஒரு தரம் போடுங்கள் என்றேன். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்றாள். ஒரு ஹெலி சுற்றித் திரும்பி வரக்கூடிய நேரம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஹெலிக்கு மத்தியானம் வரை தவணை வாங்கித் தருகிறேன் என்றாள்.


18, வெள்ளி

மழை விட்டது. விடிய எழும்பி இலை கூட்டினேன். இவர் வந்து இலைவாரியைப் பறிக்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. இரண்டு பேருமாகக் கூட்டினோம். போன் சத்தம் கேட்கவென்று பின்கதவு திறந்தபடி.

கிடைத்துவிட்டான். உயிரோடு.

இங்கே மத்தியானம் திரும்பிய பிறகு, அங்கே இன்னும் காலை. றேஞ்சர் அழுதுகொண்டே சொன்னாள், நானும் அழுதேன், பாதி விளங்கவில்லை. ஒரு வளைவில் ரேப்பைப் போட்டார்கள். நின்றார்கள். திரும்பப் போட்டார்கள். எதிர்ப்பக்கப் பாறைக்குக் கீழிருந்து, இருந்த இருப்பில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து, இரண்டு கையையும் மேலே தூக்கினானாம். வலது கணுக்கால் உடைவு. உதடு பிளந்து, தொண்டை அடைத்துப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு றோட்டாலேயே கொண்டு போகிறோம், ஹெலியில் ஏற்றவில்லை என்றாள். கேட்காமலே செய்திருக்கிறாள். அவள் காலை நான் கழுவலாம்.

கொழும்புக்கு எடுத்தேன். அம்மா "ம்" என்றா. பிறகு விக்கி விக்கி அழுதா. இதுவரை எங்கே வைத்திருந்தாவோ.

மார்க்கம் அன்ரிக்கு எடுத்தேன், ஏசத்தான். "பிள்ளை, எனக்கு வயித்துக்குள்ள வச்சிருக்கேலாமல் போயிட்டுது" என்றா. ஏச வரவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாயிருந்தது என்றேன். உண்மையில் சாப்பிடவே இல்லை. பிறகு எடுத்துச் சாப்பிட்டேன், நல்லாய்த்தான் இருந்தது.


19, சனி

வெயில். திங்கள் முதல் ஷிப்ற் திரும்பவும். ஆட்டுக்கறி கெட்டுவிட்டது, கொட்டினேன். அவன் வர ஒரு கிழமையாவது செல்லும். அவன் கட்டிலுக்குப் புது பெட்சீற் விரித்தாயிற்று. பேஸ்மென்ற் பல்ப் மாற்ற இவருக்குச் சொல்ல வேண்டும்.

பத்து மணிபோல் ஆஸ்பத்திரியிலிருந்து அவனே எடுத்தான். குரல் அரம் மாதிரி.

"அறிவு கெட்டவனே" என்றுதான் தொடங்கினேன்.

"அக்கா, ஹெலி என்னைத்தான் தேடுது எண்டு எனக்குத் தெரியும். வெளியில போகோணும் எண்டும் தெரியும். சத்தம் கேட்ட உடன கால் தன்ர பாட்டில உள்ள போயிட்டுது."

"சரி, விடு."

"பிறகு ஆரோ அப்பான்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கள். அப்பா வந்திட்டார், இனிச் சரி, கூட்டிக்கொண்டு போகப்போறார் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திட்டன்."

திருத்தாமல் விட்டேனே. அதை அவனுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா, என்ன சாப்பிடத் தருகிறார்கள் என்று ஏதோ கேட்டேன். ஜெலி தருகிறார்களாம், பச்சை நிறத்தில். பிறகு, ஏதோ நான் சாப்பாட்டுக்குப் பிந்திவிட்ட மாதிரி, கோபமாகக் கேட்டான்:

"உன்ர குரல் வியாழக்கிழமையே கேட்டது. காத்துக்கொண்டு கிடந்தன். ரெண்டாந்தரம் கூப்பிட ஏனக்கா இவ்வளவு நேரம்?"